32 கிலோ பிள்ளைக்கு 147 சென்டிமீட்டர் பலகை

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று அம்மம்மாக்கள் மகள்மாரின் பிள்ளைப்பேறு பார்க்க வெளிநாடு போய் வந்திருக்கிறோம். நாலாவதாகப் பக்கத்து வீட்டு அக்கா வருகிற கார்த்திகையில் கனடா போகிறார். போன கிழமை விறாந்தையில் வந்து இருந்து, "பேரன் பனியில் சறுக்குகிற பலகை கேட்கிறான். அம்மம்மா வந்து வாங்கித் தருவேன் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு முடியும் ரீச்சர்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2023இல் இதே விறாந்தையில் இருந்துகொண்டு தொலைபேசியில் நானும் இதே வாக்கைத்தான் கொடுத்தேன். அதனால் வந்ததை எல்லாம் அன்றைக்கு அவரிடம் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்காகவும் இனிப் போகப்போகிறவர்களுக்காகவும் இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

நான் இளைப்பாறிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. மகள் 2011இல் திருமணம் முடித்து சுவிஸ் போனாள். மூத்த பேரன் 2012இல் அங்கேதான் பிறந்தான். இரண்டாவது பிள்ளைக்கு அவள் தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று 90 நாள் விசாவில் டிசம்பர் நடுப்பகுதியில் போய் இறங்கினேன். மருமகன் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை, சனி ஞாயிறு வீட்டில் இருக்க மாட்டார். மகளுக்கு வைத்தியர் நடமாட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பேரனோடு வெளியே போய் வருகிற பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே பல பள்ளிக்கூடங்களில் மாரி காலத்தில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போய் ஒரு கிழமை முகாம் வைப்பார்கள். அவனுடைய வகுப்புக்கு ஜனவரிக் கடைசியில் முகாம். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே பனியில் சறுக்கியவர்கள். எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கால்களுக்கும் ஒரே பலகையான ஸ்னோபோர்ட்தான் வேண்டும், அதிலும் துள்ளி, சுழன்று, பின்பக்கமாகவும் சறுக்கக்கூடிய ஃப்ரீஸ்டைல் வகைதான் வேண்டும் என்று நின்றான். முகாமுக்கு முதல் கொஞ்சம் பழகிவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்படமாட்டான் என்று நான் நினைத்தேன்.

பென்சனில் இரண்டு வருடமாகச் சேர்த்த காசை பிராங்காக மாற்றிக் கொண்டுபோயிருந்தேன். அப்போது ஒரு பிராங் 370 ரூபாவுக்கு மேல். பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். சுவரோரம் பலகைகள் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். கறுப்பு நிறத்தில், நுனியில் கழுகுப் படம் போட்ட ஒன்றைப் பேரன் தொட்டுப் பார்த்தபடியே நின்றான். 147 சென்டிமீட்டர் நீளம். அவன் உயரமே 139தான், நிமிர்த்தி வைத்தால் அவனுடைய தலைக்கு மேலே நின்றது. கடையில் நின்ற இளம்பெண் அவனைக் காட்டி "கிலோ? கிலோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். பலகை எத்தனை கிலோ, தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்கிறாள் என நினைத்து, முடியும் முடியும் என்று தலையாட்டினேன். பேரனும் அப்போது பலகையின் மயக்கத்தில் இருந்தான். அந்தக் கடையில் கேட்க வேண்டியிருந்த ஒரேயொரு கேள்வியை, பேரன் எத்தனை கிலோ என்பதை, அந்தப் பெண் கேட்டாள். அது எனக்கு விளங்கவில்லை. அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

ஏன் பெரிதாக எடுத்தேன் என்று மகள் பிறகு கேட்டாள். எங்கள் கைப்பழக்கம் அது. போர் முடிந்து 2010இல் மீள்குடியேறி வந்தபோது எதை வாங்கினாலும் இரண்டு வருடத்துக்கு வரவேண்டும் என்றுதான் வாங்கினோம். பள்ளிச் சப்பாத்தை ஒரு அளவு கூட எடுத்து நுனியில் பஞ்சு அடைத்தோம். சைக்கிள் என்றால் பெரிய ஆண்கள் சைக்கிள்தான், பிள்ளை பாருக்குக் கீழே காலை விட்டு மிதித்துப் பழகும், ஒரு வருடத்தில் கால் எட்டிவிடும். இல்லாத காலத்தில் அது எங்களைக் காப்பாற்றிய புத்தி. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிள் பெரிதாக இருந்தால் பிள்ளை மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மலைச்சரிவில் பலகை பெரிதாக இருந்தால் பிள்ளையால் அதை நிறுத்தவே முடியாது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

பலகையும் அதிலே பூட்டியிருந்த பைண்டிங்கும், அதாவது சப்பாத்தைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டிகளும் சேர்த்து 180 பிராங். சப்பாத்து 60. அதையும் 37ஆம் அளவில் எடுத்தேன், பேரனுடைய கால் 35. இரண்டு காலுறை போட்டால் சரியாகும் என்று நானே தீர்மானித்தேன். ஓரத்து இரும்பைத் தீட்டி அடியில் மெழுகு பூச 45. மொத்தம் 285 பிராங், எங்கள் காசில் ஒரு இலட்சத்து ஐயாயிரத்துக்கு மேல்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 13, சனிக்கிழமை. குழந்தை பிறந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. சூரிச்சிலிருந்து வாலன் ஏரிக் கரையோடு ஓடும் ரயிலில் உன்டர்டெர்சன் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினோம். நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே கம்பியில் தொங்கும் பெட்டி ஃபிளும்சர்பெர்க் மலைக்கு ஏறுகிறது. பேரன் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே ஏரியைப் பார்த்தபடி வந்தான். மேலே போனதும் எனக்கு மூச்சு முட்டியது. அந்த வெள்ளையையும் குளிரையும் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. மகளுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதல் அரை மணித்தியாலம் சப்பாத்தைப் பூட்டுவதிலேயே போய்விட்டது. பட்டியைக் கடைசிப் பல்லு மட்டும் இறுக்கினாலும் குதிக்கால் உள்ளே தூக்கித் தூக்கி விழுந்தது. எழும்பி நின்றால் பலகை அவன் பேச்சைக் கேட்கவில்லை. உடம்பைத் திருப்புகிறான், தோளைத் திருப்புகிறான், இடுப்பைத் திருப்புகிறான், பலகை நேரே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. வேண்டுமென்றே விழுந்துதான் நிற்பான். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பதாவதோ பத்தாவதோ தரம் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது. திருப்பப் பார்த்தான். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்தியது, ஆளை யாரோ தூக்கி எறிந்ததுபோல முன்னுக்கு விழுந்தான். கையை ஊன்றிவிட்டான்.

சத்தம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் ஓடினேன், பனியில் முழங்கால் மட்டும் புதைந்தது, பிறகு தவழ்ந்துதான் போனேன். சிவப்புச் சட்டை போட்ட மீட்புப் பணியாளர்கள் வந்து ஏதோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் அந்த நேரம் மறந்துபோனது. பிள்ளைதான் அழாமல் அவர்களுக்கு ஜெர்மன் மொழியில் பதில் சொன்னான், எனக்குத் தமிழில் "பயப்படாதேங்கோ அம்மம்மா" என்றான். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. மூன்று கிழமைக்குக் கட்டுப் போட்டார்கள். வைத்தியச் செலவைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. முகாம் போய்விட்டது. பச்சை உடம்போடு படுத்திருந்த மகளிடம் போய் இதைச் சொன்ன அந்த மாலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு படுக்கும்போது பேரன் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு இது வராது அம்மம்மா." நானும் அதை நம்பினேன். வன்னிப் பிள்ளையின் இரத்தத்தில் பனி எங்கே இருக்கும் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கி, பிறகு கண்ணாடி போட்டதும் முதலாம் ஆளாக வந்ததைக் கண்டவள். அப்படியிருந்தும் பிழை பிள்ளையில்தான் என்று எனக்கும் முதலில் தோன்றியதே, அதுதான் காசு போனதைவிட எனக்குப் பெரிய வலி.

நான்கைந்து நாள் கழித்து மருமகனோடு வேலை செய்கிற ஒரு தம்பி பிள்ளை பார்க்க வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்து ஸ்னோபோர்ட் ஓடுகிறவர். மூலையில் நின்ற பலகையைக் கண்டதும், "இது யாருடையது அண்ணா, உங்களுடையதா?" என்று மருமகனைக் கேட்டார். பேரனுடையது என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் இரண்டு தடித்த மெத்தைகளை எடுத்து நிலத்தில் தள்ளி வைத்து, பலகையின் இரண்டு நுனிகளையும் அவற்றின் மேல் வைத்தார். மருமகனை நடுவில் ஏறி நிற்கச் சொன்னார். அவர் 74 கிலோ. பலகை நடுவில் வில்லுப்போல நன்றாக இறங்கியது. பிறகு பேரனை, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். பலகை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தேன், ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. "இந்தப் பலகைக்குத் தன்மேல் ஒரு ஆள் நிற்கிறது என்றே தெரியாது மாமி," என்றார்.

எனக்கு அந்தக் கணத்தில் ஐயாவின் வயல் நினைவு வந்தது. சிறுபோகத்துக்குச் சேற்றை மட்டப்படுத்தும்போது மாடு இழுக்கிற பலகைமேல் ஏறி நிற்க எங்களுக்குள் போட்டி. நான் ஏறினால் ஐயா இறக்கிவிடுவார். "நீ நின்றால் பலகை சேற்றின் மேலே மிதந்துகொண்டு போகும், அண்ணாவை விடு," என்பார். அண்ணா நின்றால் பலகை சேற்றைக் கடித்து இழுக்கும். ஸ்னோபோர்ட்டும் அதே கணக்குத்தான். பலகை வளைந்து, விளிம்பு பனியைக் கடித்தால்தான் அது திரும்பும். வளைப்பது நிற்பவரின் நிறை. ஆகவே நீளத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் உயரத்துக்கு இல்லை, நிறைக்குத்தான். நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வரவேண்டும் என்று பொதுவாகச் சொல்லுகிற அளவு ஒரு குத்துமதிப்பு மட்டும். தயாரிக்கிறவர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று அட்டவணை போடுகிறார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்டச் சொன்னால் 30 முதல் 35 கிலோ வரையான பிள்ளைக்கு 120 முதல் 130 சென்டிமீட்டர், 40ஐத் தாண்டினால் 130 முதல் 140. பேரன் 32 கிலோ. நான் வாங்கியது 50 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கான பெரியவர்கள் பலகை. நிறை ஓர் எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு, துள்ளி விளையாடத்தான் ஆசை என்றால், இரண்டு நீளத்தில் குட்டையானதை எடுங்கள்.

நீளம் சரி, அதோடு பலகையின் விறைப்பும் இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை இலக்கம் போட்டிருப்பார்கள், சின்ன இலக்கம் மென்மை. ஆனால் ஒரு கம்பனியின் மூன்றும் இன்னொரு கம்பனியின் மூன்றும் ஒன்றில்லை. பெரியவர்கள் பலகையில் "மென்மை" என்று போட்டிருந்தாலும் அது பெரியவருக்கு மென்மை, 32 கிலோவுக்கு அது இரும்பு. சிறுவர்களுக்கென்றே செய்த பலகையை எடுங்கள். அதற்காக விளையாட்டுச் சாமான் கடையில் விற்கிற, ஓரத்தில் இரும்பு இல்லாத பிளாஸ்டிக் பலகையையும் வாங்கிவிடாதீர்கள். இறுகிய பனியில் அது பிடிக்காது, பிள்ளை வழுக்கிக்கொண்டே போகும்.

அந்தத் தம்பி அடுத்துக் காட்டியது அகலம். பேரனை வெறுங்காலோடு பலகையின் நடுவில் குறுக்காக நிற்கச் சொன்னார். அவனுடைய பாதம் 22 சென்டிமீட்டர், பலகையின் இடுப்பு, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தின் அகலம், 25. முன்னும் பின்னும் இடைவெளி. விரலாலும் குதியாலும் விளிம்பை அமத்தினால்தான் பலகை சரியும். எட்டாத விளிம்பை எப்படி அமத்துவது? பெரிய சப்பாத்தில் அந்தக் கால் உள்ளேயே நழுவிக்கொண்டும் இருந்தது. சிறுவர் பலகைகளின் இடுப்பு 22, 23 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு: மெலிந்த, ஆனால் கால் மட்டும் நீண்ட 14, 15 வயதுப் பொடியன்கள். அவர்களுக்கு நிறையைப் பார்த்து எடுக்கிற பலகையில் சப்பாத்து நுனி வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இழுபடும், அதுவும் விழுத்தும். அப்படியான பிள்ளைக்கு நீளத்தைக் கூட்டாமல், அதே நீளத்தில் அகலமான பலகை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஃப்ரீஸ்டைல்" என்ற சொல்லைக் கேட்டு நான் சர்க்கஸ் செய்கிற பலகை என்று பயந்தேன். உண்மையில் பழகுகிற பிள்ளைக்கு அதுதான் நல்லது. இரண்டு நுனியும் ஒரே வடிவம், பைண்டிங் இரண்டும் நடுவிலிருந்து சம தூரம். எந்தக் கால் முன்னுக்கு வந்தாலும் ஒரே மாதிரி ஓடும். துள்ளவும் பழகலாம், சாதாரண சரிவில் இறங்கவும் பழகலாம், ஒரே பலகை எல்லாவற்றுக்கும் போதும். நான் வாங்கியது அப்படியில்லை. மூக்கு நீளம், வால் விறைப்பு, வேகமாக நேரே இறங்குகிறவர்களுக்கான பலகை. கழுகுப் படம் மட்டும்தான் பிள்ளைக்குப் பொருந்தியது. அடுத்ததாக, பலகையை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பகுதி மேசையைத் தொடாமல் வளைந்து நின்றால் கேம்பர். பிடிப்பும் துள்ளலும் கூட, ஆனால் விளிம்பு குத்துவதும் கூட. நடு மேசையில் இருந்து நுனிகள் தோணிபோல எழும்பியிருந்தால் ராக்கர். இலகுவாகத் திரும்பும், பிழை விட்டாலும் மன்னிக்கும். தட்டையானதும் உண்டு, இரண்டையும் கலந்ததும் உண்டு. நிறை குறைந்த, புதிதாகப் பழகுகிற பிள்ளைக்குத் தட்டையானதோ கலந்ததோ போதும் என்பது நான் கண்டது. முழுக் கேம்பரைப் பிறகு பார்க்கலாம்.

காசு குறைவாக இருந்தால் அதை முதலில் சப்பாத்தில் போடுங்கள். இதை அந்தத் தம்பி மூன்று தரம் சொன்னார். நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், எப்படி வளைந்தாலும் குதி தூக்கக் கூடாது. ஒரு காலுறை மட்டும். இரண்டு போட்டால் வழுக்கும், வியர்த்துக் குளிரும். "வளருவான்" என்று ஒரு அளவு கூட எடுப்பது இங்கேதான் மிகவும் ஆபத்து. பைண்டிங்கும் சப்பாத்து அளவுக்குப் பொருந்த வேண்டும். அதோடு பைண்டிங்கைப் பலகையில் பூட்டுகிற முறை எல்லாவற்றிலும் ஒன்றில்லை. சிலவற்றில் வரிசையாகத் திருகாணித் துளைகள், சிலவற்றில் நடுவில் நீளமான தவாளிப்பு. தனித்தனியாக வாங்கினால் ஒன்றில் மற்றது ஏறாமல் போகலாம், ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நாங்கள் வாங்கியது பழைய சொந்தக்காரர் பூட்டியபடியே, இடது கால் முன்னுக்கு வரும்படி சாய்த்து இருந்தது. பேரனைக் காலுறையோடு வழுக்கும் தரையில் ஓடிச் சறுக்கச் சொன்னபோது ஒவ்வொரு தரமும் அவனுடைய வலது கால்தான் முன்னுக்குப் போனது. கிரிக்கெட்டில் இடதுகை ஆட்டக்காரனுக்கு வலதுகை நிலையைக் கொடுத்து அனுப்பியதுபோலத்தான் மலைக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு பாதமும் வெளிப்பக்கமாக 12 பாகை அளவில் திரும்பியிருக்கும்படி பூட்டினால் எந்தக் காலுக்கும் பொருந்தும்.

பழைய பலகை எடுப்பதில் பிழை இல்லை, பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓரத்து இரும்பு முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வெடிப்போ வெளியே தள்ளியதோ இருக்கக் கூடாது. மேலோட்டமான துரு பரவாயில்லை. அடியில் கீறல் இருந்தால் அடைக்கலாம், உள்ளே மரம் தெரிந்தால் வேண்டாம். நுனியில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா, திருகாணி ஒவ்வொன்றும் இறுகுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, வளருகிற பிள்ளைக்கு வாங்காமலே விடுவது. பருவம் முழுவதுக்கும் பலகை, பைண்டிங், சப்பாத்து மூன்றையும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் சுவிஸில் பல ஊர்களில் இருக்கின்றன. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் அளவை மாற்றி எடுக்கலாம். நான் செலவழித்த 285 பிராங்கில் ஒரு பருவ வாடகையும் முடிந்து, காசும் மிஞ்சியிருக்கும். தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பையும் கட்டாயம் போடுங்கள். ஸ்னோபோர்ட் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டுத்தான் என்று வைத்தியரே சொன்னார்.

இந்தப் பலகையே ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்காகச் செய்ததில் தொடங்கியது என்று பிறகு அறிந்தேன். 1965 நத்தார் நாளில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பொப்பன் என்பவர் இரண்டு சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பிணைத்து மகள் நின்று சறுக்கக் கொடுத்தார். அது வளர்ந்து 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை குளோயி கிம்முக்கு அப்போது 17 வயது. இதைப் பேரனுக்குச் சொன்னேன். சின்ன உடம்பு இந்த விளையாட்டுக்குக் குறை இல்லை என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

பெப்ரவரிக் கடைசியில் வைத்தியர் சம்மதித்த பிறகு அந்தத் தம்பியே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வாடகைக்கு எடுத்த பலகை, 125 சென்டிமீட்டர், மென்மை, இரண்டு நுனியும் ஒன்று, வெறும் பச்சை நிறம், படம் எதுவும் இல்லை. 35ஆம் அளவுச் சப்பாத்து. பேரன் வரமாட்டேன் என்றுதான் வெளிக்கிட்டான். மலையில் நின்று முதல் தரம் குதியை அமத்தினான், பலகை அப்படியே குறுக்காகத் திரும்பி நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் அந்த முகத்தை வகுப்பறையில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன், எழுத்துக் கூட்டி ஒரு சொல் வாயில் வந்த கணத்தில் பிள்ளைகளுக்கு வருகிற முகம். மத்தியானத்துக்குப் பிறகு அவன் இறங்கிப் போன தடம் பனியில் வளைந்து வளைந்து கிடந்தது. நான் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கறுப்புப் பலகையை 60 பிராங்குக்கு ஒரு பெரியவருக்கு விற்றோம். சப்பாத்தை ஒருவரும் எடுக்கவில்லை. மார்ச் முதல் கிழமை நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் அவர்கள் எல்லோரும் வட்டக்கச்சிக்கு வந்திருந்தார்கள். சிறுபோக அறுவடை தொடங்கியிருந்தது, முற்றத்தில் நெல் மூட்டை நிறுக்கும் தராசு நின்றது. ஒரு பின்னேரம் பேரன் தானாகவே அதில் ஏறி நின்று, "பாருங்கோ அம்மம்மா," என்றான். 35 கிலோ. இறங்க விடாமல், அப்பியாசக் கொப்பியில் ஒற்றை கிழித்து நிலத்தில் வைத்து, அதில் அவனுடைய வலது பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அடிமட்டம் வைத்தால் 23 சென்டிமீட்டர். இரண்டு இலக்கத்தையும் அந்த ஒற்றையிலேயே எழுதி, மகளின் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்தேன், ஒக்டோபரில் வாடகைக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி.